சைடு போஸ்

செஞ்சிக்கோட்டைக்கு வர்றவங்க ராஜகிரி படிக்கட்டில் நின்னு ஒரு படம் எடுக்காம போறதில்லை. எடுக்கறவர் நாலு படி கீழே, நிக்கறவர் மேலே. கீழேர்ந்து பார்த்தா ஆள் உயரமா தெரிவார், பின்னாடி மலையும் மதிலும் வேற. ரெண்டு நிமிஷத்துக்கு எல்லாருமே தேசிங்கு ராஜா தான் :-) (தொப்பை உள்ளவங்களுக்கு இந்தக் கோணம் ஆகாது. படத்தில் அது தான் முதல்ல நிக்கும். அப்புறம், ரொம்ப கிட்டப் போகாதீங்க, மூக்கு பெருசாயிடும். அஞ்சாறு அடி தள்ளி நின்னு ஜூம் பண்ணுங்க.)

ஆளை எந்தப் பக்கம் காட்டினா எடுப்பா இருக்கும்ங்கற கவலை கேமரா வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்திருக்கு. 1677ல் செஞ்சியைப் பிடிச்ச சிவாஜியையே எடுத்துக்குங்க. தெற்கே வர்ற வழியில் கோல்கொண்டா சுல்தான் அபுல் ஹசன் குதுப் ஷாவோட விருந்தாளியா ஐதராபாத்தில் தங்கினார். கோல்கொண்டா ஓவியர்கள் 1680களில் வரைஞ்ச சிவாஜி படம் ஒண்ணு டச்சுக்காரங்க கைக்குப் போய், இப்போ ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கு. இன்னிக்கும் சிவாஜின்னதும் நம்ம மனசுல வர்றது அந்த சைடு போஸ் தானே? கூர்மூக்கு, கூர்தாடி.

முகலாய பாதுஷாக்களும் இப்படித்தான். ஜஹாங்கீர் காலத்துக்கப்புறம் பெரும்பாலும் முழுப் பக்கவாட்டு முகம். நாம அவரைப் பார்க்கலாம், அவர் நம்மைப் பார்க்க மாட்டார். அந்த கெத்து நேர்முகத்தில் வராதுன்னு எனக்குத் தோணும்.

இதுல இன்னொரு வசதி, முகத்தில் ஒரு பாதி மறைஞ்சிடும். பஞ்சாப் மகாராஜா ரஞ்சித் சிங்குக்கு (1780–1839) சின்ன வயசுல பெரியம்மை வந்து இடது கண் போச்சு. நல்ல கண் இருக்கற பக்கத்தை மட்டும் காட்டற ஓவியங்கள் அவருக்கு உண்டு. இத்தாலியில் உர்பினோவை ஆண்ட ஃபெடரிகோவுக்கு ஈட்டி விளையாட்டில் வலது கண் போச்சு. பியரோ டெல்லா ஃப்ரான்செஸ்கா அவரை இடப்பக்கமா வரைஞ்சார். ஆனா மூக்குத் தண்டில் இருந்த பள்ளத்தை அப்படியே விட்டுட்டார். எனக்குப் பிடிச்சது அந்தப் பள்ளம் தான்.

எங்க ஆயாவுக்கும் அம்மையில் ஒரு கண் போச்சு. தாத்தாவோட எடுத்த ஒரே ஸ்டுடியோ படத்தில் போட்டோக்காரர் ஆயாவைக் கொஞ்சம் திருப்பி உட்கார வெச்சிருக்கார். முக்கால் முகம், அந்தக் கண் நிழல்ல. நிஜமாவே நல்ல படம். ஆயா தவறினப்போ மாலை போடப் படம் தேடினா கிடைச்சது ரெண்டு தான்: இது ஒண்ணு, வோட்டர் ஐடியில் இருக்கறது ஒண்ணு. 1993ல் தேர்தல் கமிஷன் கொண்டுவந்த அந்த அட்டைக்கு சைடு போஸெல்லாம் செல்லாது, எல்லாரும் நேரா தான் பார்க்கணும்.

சித்தப்பா ஸ்டுடியோ படத்தைப் போடலாம்னார். அத்தை அதை வாங்கிப் பார்த்துட்டு, "யாருடா இது? சினிமாக்காரி மாதிரி இருக்கா. எங்கம்மா அந்தக் கண்ணோட தானே எங்களை வளர்த்தா?"ன்னாங்க.

அட்டைப் படத்தைப் பெருசு பண்ணினதுல புள்ளிபுள்ளியா வந்துச்சு. கூடத்தில் அது தான் இப்பவும் மாட்டியிருக்கு. ஸ்டுடியோ படத்தை நான் எடுத்துட்டு வந்துட்டேன்.