குற்றாலம்: பார்க்கிறவரும் பார்க்கப்படும் மலையும்

ஒவ்வொரு காலமும் குற்றாலத்தைப் பார்க்க ஒரு முறையை உண்டாக்கியிருக்கிறது. அதோடு, மலை யாருடையது என்பதற்கு ஒரு பதிலையும்.

18ஆம் நூற்றாண்டின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் மலையைக் காட்டுகிறவள் குறத்தி. சொந்த வீட்டைச் சொல்வதுபோல் மலைவளம் சொல்கிறாள். ஆனால், இந்தப் பிரதிக்காக நாயக்க மன்னர் கொடுத்த ‘குறவஞ்சி மேடு’ நிலம் போய்ச் சேர்ந்தது அதை எழுதிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயருக்கு. குரல் குறத்திக்கு, நிலம் புலவருக்கு.

அடுத்து வந்த கம்பெனிக்காரர்கள் மலையில் இரண்டைக் கண்டார்கள்: உடம்பைத் தேற்றும் குளிர்காற்று, கிராம்பும் ஜாதிக்காயும் விளையும் மண். அவர்கள் போன பிறகு டி.கே.சி. (1882-1954) சாரலையும் கவிதையையும் சேர்த்து ரசிக்கச் சொல்லிக்கொடுத்தார். ரசனைக்கு ஓய்வு வேண்டும். ஓய்வு எல்லோருக்கும் வாய்க்கிறதா என்ன?

இன்றைய சீசன் கூட்டத்தை இரைச்சல் என்று ஒதுக்குவது மேட்டிமைத்தனம். முன்பின் தெரியாதவர்கள் ஒரே தண்ணீரின் கீழ் தோளோடு தோள் உரசி நிற்பது நம் சமூகத்தில் லேசான விஷயமில்லை. சிக்கல் வேறிடத்தில். “தண்ணி விழுதா?” என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். எங்கிருந்து விழுது என்று யாரும் கேட்பதில்லை.

எரிமலைக்குப் போகிறவருக்கு நிலம் உயிரோடு இருப்பது தெரியும். அருவிக்குப் போகிறவருக்கு அது மறந்துபோகிறது. மேலே காட்டுக்குள் மழை கொட்டும். கீழே வெயில் அடிக்கும். சில நிமிஷங்களில் வெள்ளம் வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டினால் குளிக்கத் தடை போடுகிறார்கள். தேவையான தடைதான். ஆனால் அந்த வளைவு அருவியின் அடிவாரத்தை மட்டுமே பார்க்கிறது, காட்டை அல்ல.

இந்தப் பார்வை எங்கே போய் முடியும்? ஓடையைத் திருப்பி விடுதிக்குள் செயற்கை அருவி கட்டுவதில். 2022இல் இது மதுரை உயர்நீதிமன்றக் கிளைவரை போனது. காடு வேண்டாம், வெள்ளம் வேண்டாம், பக்கத்தில் நிற்கும் அந்நியர் வேண்டாம். காசு கொடுத்தவருக்கு மட்டும் தண்ணீர்.

அருவி பொதுவாக இருக்க வேண்டுமென்றால், அதன் தலைமாட்டில் உள்ள காடும் பொதுவாக இருக்க வேண்டும். குளிக்கிற உரிமையைப் பேசும் நாம் அந்தக் காட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். குறத்தி மலையிலிருந்துதான் பேச ஆரம்பித்தாள்.