விக்டோரியா பப்ளிக் ஹால்: ராணி பேரில் எழுந்த மண்டபம் தமிழ் நாடக மேடையானது எப்படி?

ராதாபுரம் பக்கம் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு இருக்கும், கணியான் கூத்து இருக்கும். மேடை திறந்தவெளிதான், டிக்கெட் கிடையாது, விடிய விடிய நடக்கும்.

ஆனா, 130 வருஷத்துக்கு முன்னாடி சென்னையில் சிலர் வேற மாதிரி யோசித்தார்கள். நாடகத்துக்கு ஒரு கூரை வேணும், உட்கார நாற்காலி வேணும், படித்தவர்களே நடிக்கணும். அந்த யோசனைக்கு இடம் கொடுத்த கட்டடம்தான் விக்டோரியா பப்ளிக் ஹால். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவில் நிற்கும் சிவப்புக் கட்டடம்.

யார் கட்டியது?

'நகரத்துக்கு ஒரு டவுன் ஹால் வேணும்' என்ற பேச்சு 1880-களின் தொடக்கத்தில் எழுந்தது. மன்னர்களும் செல்வந்தர்களும் நிதி கொடுத்தார்கள். 1883 டிசம்பர் 17-ல் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கிடைத்தது. வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. 1887-ல் விக்டோரியா ராணி பட்டமேறி 50 ஆண்டு நிறைந்ததால், அவர் பெயரே மண்டபத்துக்கும் வந்தது.

கோபுரத்தின் சரிவான கூரையைக் கவனிச்சா தென்கோடிக்காரர்களுக்கு ஒரு விஷயம் புரியும். அது திருவிதாங்கூர் பாணி. பத்மநாபபுரம் அரண்மனையில் பார்க்கிற அதே சாயல். திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்தை வடிவமைத்தவரும் இதே சிஷோம்தான்.

நாடகம் எப்படி உள்ளே வந்தது?

பல்லாரியைச் சேர்ந்த தெலுங்கு நாடகக் குழு ஒன்று 1891-ல் சென்னையில் நாடகம் போட்டது. அதில் நடித்தவர்கள் படித்த, வேலையில் இருந்த ஆட்கள். நாடகம் என்றாலே முகம் சுளித்த பம்மல் சம்பந்த முதலியாரை அது மாற்றிவிட்டது. அதே ஆண்டு ஜூலை 1-ல் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அதன் நாடகங்களுக்கு விக்டோரியா ஹால்தான் மேடை.

பம்மல் வக்கீலாக இருந்து, பிறகு நீதிபதியானவர். பகலில் கோர்ட், சாயங்காலம் ஒத்திகை! 'கூத்தாடி' என்று ஏளனம் செய்த காலத்தில் வக்கீல்களும் அதிகாரிகளும் வேஷம் கட்டியது சாதாரண விஷயம் இல்லை. பெண் வேடத்தையும் ஆண்களே போட்டார்கள். சிவாஜி நடித்த 'மனோகரா' (1954) படம் நினைவிருக்கா? அதன் மூல நாடகம் பம்மல் எழுதியதுதான்.

நெல்லைச் சீமை என்ன செய்தது?

இதே காலத்தில் நாடகத்துக்கு இன்னொரு பாதையும் இருந்தது. 1867-ல் பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், ஊர் ஊராகச் சுற்றும் தொழில்முறைக் குழுக்களுக்கு நாடகம் எழுதினார். அங்கே பாட்டுதான் உயிர். பம்மல் மேடையில் வசனத்துக்கு முதலிடம். அவர்கள் பிழைப்புக்காக நடித்தார்கள், சபைக்காரர்கள் ஆசைக்காக நடித்தார்கள். பின்னாளில் தமிழ் சினிமா இரண்டு பக்கமிருந்தும் எடுத்துக்கொண்டது.

வேறென்ன நடந்தது?

* 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் இங்கே உரையாற்றினார்.
* 1890-களின் இறுதியில், சென்னையின் தொடக்ககால சலனப்படக் காட்சிகள் இங்கே நடந்தன.

ஒரு குழப்பம் வேண்டாம்: எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் உள்ள 'விக்டோரியா நினைவு மண்டபம்' வேறு, இது வேறு.

ஏன் பாழடைந்தது?

1936-ல் சுகுண விலாச சபை வேறு இடத்துக்குப் போனது. இன்று அது அண்ணா சாலையில் ஒரு கிளப். மக்களை சினிமா கொட்டகை இழுத்துக்கொண்டது. குத்தகை முடிந்ததும், இடம் யாருக்கு என்ற தகராறு கோர்ட் வரை போனது. ஆள் நடமாட்டம் குறையக் குறைய, சுவர்களில் விரிசல் கூடிக்கொண்டே போனது.

'சிங்காரச் சென்னை 2.0' திட்டத்தின் கீழ் 2023-ல் மாநகராட்சி சீரமைப்பைத் தொடங்கியது.

அடுத்து என்ன?

செங்கல்லையும் மரத்தையும் பணம் இருந்தால் சரிசெய்துவிடலாம். ஆனால் இந்த மண்டபத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கட்டடம் மட்டும் இல்லை, சாயங்காலம் ஒத்திகைக்கு வந்த ஆட்களும்தான். சின்ன நாடகக் குழுக்களும் தாங்கக்கூடிய வாடகைக்கு மேடை கிடைத்தால் இது அரங்கு. கிடைக்காவிட்டால், ரயில் ஏறப் போகிற வழியில் செல்ஃபி எடுக்கிற இடம், அவ்வளவுதான்.