முத்தையா முரளிதரன்

முரளிதரன், முத்தையா (பிறப்பு: 17 ஏப்ரல் 1972, கண்டி). இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர். ஓய்வுக்குப் பின் பந்துவீச்சுப் பயிற்றுநர். பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டத் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிய மலையகத் தமிழர் வழிவந்தவர். பாட்டனார் தோட்ட வேலைக்கென வந்து, பிற்காலத்தில் திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பினார். கண்டியிலேயே தங்கிவிட்ட தந்தை பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலில் அது தீக்கிரையானது.

கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசிவந்தவரைப் பதினான்கு வயதளவில் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. தமிழ் யூனியன் கழகத்துக்கு ஆடி, ஆகஸ்ட் 1992இல் கொழும்பு கெத்தாராமையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்டில் இறங்கினார்.

1995 முதல் பத்தாண்டுகள் அவரது முழங்கையைப் பற்றிய விவாதமாகவே கழிந்தன. அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயர், அவர் பந்தை எறிகிறார் எனக் கருதி ஏழு தடவை 'நோ-போல்' என அறிவித்தார். அடுத்த மாதம் ரொஸ் எமர்சனும் அவ்வாறே செய்தார். பிறவியிலேயே முழுமையாக நீட்ட முடியாத கை என்பதால் எறிவதுபோல் தோன்றுகிறது என 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகமும் ஹொங்கொங் பல்கலைக்கழகம் ஒன்றும் நடத்திய சோதனைகள் கூறின. 1999இல் அடிலெயிடில் எமர்சன் மீண்டும் 'நோ-போல்' என அறிவித்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றுவிட்டார். 2004இல் 'தூஸ்ரா' எனும் அவரது பந்துவகை பற்றிய முறைப்பாடு எழுந்தது. கை மடங்காதபடி எஃகுக் கம்பி பொருத்திய கவசம் அணிந்து, தன் பந்துகளை ஒவ்வொன்றாக ஒளிப்படக்கருவி முன் வீசிக் காட்டினார். 2005இல் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் முழங்கையை 15 பாகை வரை நீட்ட அனுமதிக்கப்பட்டது. இவருக்காகவே விதி தளர்ந்தது என்பாரும் உளர். அளந்து பார்த்தபோது ஏனையோரின் கைகளும் மடங்கியதே காரணம் என்பாரும் உளர்.

1998இல் ஓவலில் இங்கிலாந்தின் 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் ஊர்க்காரர் அதிகம் பேசுவது 2002 ஜனவரி கண்டி அஸ்கிரிய ஆட்டத்தைத்தான். சிம்பாப்வேயின் ஒன்பது விக்கெட்டுகள் அவர் வசமாகியிருந்தன. பத்தாவதற்கு வந்த பிடியை ரசல் ஆர்னல்ட் தவறவிட்டார். மறுமுனையில் சமிந்த வாஸின் பந்து மட்டையில் பட்டு விக்கெட் காப்பாளரிடம் சென்றது. எவரும் உரக்க முறையிடவில்லை, நடுவர் மட்டும் விரலை உயர்த்தினார். 51 ஓட்டங்களுக்கு 9 என்ற பதிவு அவ்வாறே நின்றுவிட்டது.

2010 ஜூலையில் காலியில், தம் இறுதி டெஸ்டின் கடைசிப் பந்தில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800 டெஸ்ட் விக்கெட்டுகளை எட்டினார். ஒருநாள் ஆட்டங்களில் 534.

2014இல் வங்காள மாநில அணிக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சுழற்பந்து ஆலோசகரானார். 2015இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் பந்துவீச்சுப் பயிற்றுநரானார். அவ்வணி 2016இல் ஐ.பி.எல். கிண்ணம் வென்றது. அதே ஆண்டு அவுஸ்திரேலிய அணியின் ஆலோசகராகத் தாய்நாடு வந்தபோது சலசலப்பு எழுந்தது. தொடரை இலங்கை 3–0 என வென்றது. அவரது வாழ்க்கைப் படமான '800' 2023இல் வெளிவந்தது. அதற்குமுன் தமிழ்நாட்டில் எழுந்த அரசியல் எதிர்ப்பால், அவராக நடிக்கவிருந்த நடிகர் விஜய் சேதுபதி விலகியிருந்தார்.

2016இல் சர்வதேச கிரிக்கெட் பேரவையின் புகழ்மண்டபத்துக்குத் தெரிவான முதல் இலங்கையர் இவரே.