மழலையர் கல்வி ஆசிரியப் பயிற்சி (இந்தியா)

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பிப்பவர்களை உருவாக்கும் பயிற்சி இந்தியாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேர் பிடித்தது. கைம்பெண் இல்லங்கள், தனியார் பயிற்சி நிலையங்கள், பழங்குடி ஊர்களின் முற்றங்கள் எனப் பல இடங்களைக் கடந்து இன்று அது பெரும்பாலும் அரசின் அங்கன்வாடித் திட்டத்துக்குள் நடக்கிறது. பயிற்சி பெறுவோரின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கிலிருந்து லட்சக்கணக்காகப் பெருகியது. அதே காலத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் பயிற்சி ஓராண்டிலிருந்து சில வாரங்களாகக் குறைந்துவிட்டது. இந்த இரண்டு மாற்றங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இத்துறையின் வரலாறு புரியும்.

தொடக்கம்

சிறு குழந்தைக்குக் கற்பிக்கத் தனிப் பயிற்சி வேண்டும் என்ற கருத்துக்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரெடரிக் ஃபிரோபெல். 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் விளையாட்டு வழிக் கல்வியைத் தொடங்கிய அவர், 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். தம் கடைசி ஆண்டுகளில் இளம்பெண்களுக்குப் பயிற்சி அளிப்பதையே முழுநேரப் பணியாக்கிக்கொண்டார். 1851இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. மறு ஆண்டு ஃபிரோபெல் இறந்தார். தடை நீங்க 1860 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் அவரிடம் பயின்ற பெண்கள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்று அம்முறையை அங்கே அறிமுகப்படுத்தியிருந்தனர்.

இந்தியச் சமூகச் சீர்திருத்தவாதி பண்டித ரமாபாய் அம்முறையைக் கற்றது அமெரிக்காவில். 1886இல் அங்கு சென்ற அவர் பிலடெல்பியாவில் கிண்டர்கார்டன் ஆசிரியப் பயிற்சி பெற்றார். நாடு திரும்பி, 1889இல் பம்பாயில் இளம் கைம்பெண்களுக்காகச் சாரதா சதனத்தைத் தொடங்கியபோது, அவர்கள் சொந்தக் காலில் நிற்க ஏற்ற தொழில்களில் ஒன்றாக ஆசிரியப் பணியைக் கருதினார். மதராஸ் மாகாணத்தில் பெண்கள் பள்ளி ஆய்வாளராக இருந்த இசபெல் பிராண்டர், இந்திய வகுப்பறையில் கிண்டர்கார்டன் பாடங்களை நடத்துவது எப்படி என்று ஒரு கைந்நூல் எழுதினார். கதை, பொருட்பாடம், கைவேலை, பாட்டு, விளையாட்டு என்ற அதன் வரிசை இன்றைய அங்கன்வாடிக் கால அட்டவணையிலிருந்து அதிக தூரம் விலகியதல்ல.

இத்தொழிலின் தொடக்க வரலாற்றில் கைம்பெண்கள் மறுபடி மறுபடி எதிர்ப்படுகிறார்கள். ரமாபாயே கணவரை இழந்தவர். சென்னையில் சகோதரி சுப்பலட்சுமி பால்ய வயதில் கணவரை இழந்து, மாநிலக் கல்லூரியில் படித்து 1911இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். அவர் நடத்திய இல்லத்துச் சிறுமிகளும் இளம்பெண்களும் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் தங்கிப் படித்தார்கள். 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி உருவானபோது அதன் முதல்வர் பொறுப்பையும் அவரே ஏற்றார். அது மழலையருக்கு மட்டுமான பயிற்சி அன்று. பொதுவான ஆசிரியப் பயிற்சி. ஆனாலும் வீட்டு மூலையில் ஒதுக்கப்பட்ட பெண் சம்பளம் வாங்கும் ஆசிரியையாக முடியும் என்று ஊரறியக் காட்டியது அந்த முயற்சிதான். மழலையர் கல்வி பிற்காலத்தில் கிட்டத்தட்ட முழுவதும் பெண்களின் பணியானதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. 'ஆதரவற்ற பெண்ணுக்கு ஒரு பிழைப்பு' என்ற கண்ணோட்டம் அப்போதே இத்தொழிலோடு ஒட்டிக்கொண்டது. அதுவே பிறகு குறைந்த ஊதியத்துக்கு ஒரு சாக்காகவும் ஆனது.

பவநகர்

கிஜுபாய் பதேகா வழக்கறிஞராக இருந்து ஆசிரியர் ஆனவர். தம் மகனை எப்படி வளர்ப்பது என்ற தேடலில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் கருத்துகளை அறிந்தார். 1920இல் குஜராத்தின் பவநகரில் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தின் பகுதியாகப் பால மந்திரைத் தொடங்கினார். சில ஆண்டுகளில், ஆசிரியர் இல்லாமல் இம்முறை பரவாது என்று கண்டு, அத்தியாபன் மந்திர் என்ற பயிற்சிப் பள்ளியையும் திறந்தார். அவரோடு சேர்ந்து பணியாற்றிய தாராபாய் மோடக்கும் அவருமாக 1926இல் நூதன் பால சிட்சண சங்கத்தை நிறுவினர். அடியும் மிரட்டலும் இல்லாத வகுப்பறையே கிஜுபாயின் அடிப்படை விதி. குஜராத்தி நாட்டுப்புறக் கதை, நாடகம், பாட்டு ஆகியவற்றுக்கு மாண்டிசோரி முறையில் கிடைக்காத இடத்தை அவர் தந்தார். பயிற்சி பெற வந்தவர் கதை சொல்லத் தெரிந்தவராகத் திரும்ப வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. மழலையர் பயிற்சியை இந்திய மொழி ஒன்றில் முழுமையாகச் சிந்தித்து நடத்திய முன்னோடி என்று அவரைச் சொல்வது மிகையாகாது. 1939இல் அவர் மறைந்தார்.

அடையாறும் கொடைக்கானலும்

அதே ஆண்டு நவம்பரில் மரியா மாண்டிசோரி தம் மகன் மாரியோவுடன் சென்னை வந்து இறங்கினார். பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைத்திருந்தனர். அப்போது மாண்டிசோரிக்கு வயது 69. ரோமின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளர் குழந்தைகளுக்காக 1907இல் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தவர். 1909 முதல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துவந்தவர். அடையாற்றில் நடந்த முதல் வகுப்பில் நாட்டின் பல பகுதிகளிலிருந்து 300 பேருக்கு மேல் சேர்ந்தனர். அத்தனை பேருக்கும் இடம் கொடுக்கக் கீற்றுக் கொட்டகைகள் போடப்பட்டன. மாண்டிசோரி இத்தாலியனில் பேசுவார். மாரியோ வாக்கியத்துக்கு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்வார்.

சில மாதங்களுக்கு மட்டும் என்று வந்தவர்களைப் போர் இங்கேயே நிறுத்திவிட்டது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டவர் ஆயினர். மாரியோ தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். தாய்க்கோ சபை வளாகத்தை விட்டு வெளியே செல்லத் தடை. ஆகஸ்ட் 31, அவரது எழுபதாம் பிறந்த நாளை ஒட்டி மாரியோ விடுவிக்கப்பட்டார். பின்னர் இருவரும் கொடைக்கானலில் தங்கினர். இலங்கையரான லீனா விக்ரமரத்ன அங்கே நடந்த சிறு பள்ளியில் துணை நின்றார். வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒரே இடத்தில் கற்பதை அருகிருந்து கவனிக்க அந்த மலை வாழ்க்கை வாய்ப்பளித்தது. பிறந்த நாள் முதல் மூன்று வயது வரையான பருவத்தைப் பற்றிய அவரது சிந்தனையும் இந்தியாவில்தான் முதிர்ந்தது. அகமதாபாத்தில் அவர் ஆற்றிய பயிற்சி உரைகளிலிருந்து உருவான நூல் 1949இல் சென்னை அடையாற்றில்தான் முதலில் அச்சாயிற்று. உலகெங்கும் மாண்டிசோரி ஆசிரியர்கள் இன்றும் பாடமாகப் படிக்கும் அந்நூலுக்கும் அடையாற்றுக்கும் உள்ள உறவு தமிழகத்தில் அதிகம் பேசப்படுவதில்லை.

போருக்குப் பின் ஐரோப்பா சென்று மீண்டும் வந்த மாண்டிசோரி, 1949இல் இந்தியாவை விட்டுச் செல்லும்போது இங்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயிற்சி பெற்றிருந்தனர். அவர் பிரதிநிதியாக வந்த டச்சுக்காரர் ஆல்பர்ட் யோஸ்டன் பல நகரங்களில் பயிற்சியைத் தொடர்ந்தார். அது ஓராண்டு நீளும். பயிற்சி பெறுபவர் ஒவ்வொரு கருவியையும், இளஞ்சிவப்புக் கோபுரமானாலும் மணிச்சரமானாலும் உப்புத்தாள் எழுத்தானாலும், தாமே பலமுறை கையாண்டு பழக வேண்டும். அதைக் குழந்தைக்குக் காட்டும் முறையைத் தம் கைப்பட எழுதிப் படத்துடன் ஏடாகத் தொகுக்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினமானது கவனித்தல். குழந்தை வேலை செய்கையில் ஓரமாக உட்கார்ந்து, வாய் திறக்காமல், உதவிக்குக் கை நீட்டாமல், நடப்பதை மட்டும் எழுத வேண்டும். சட்டைப் பித்தானைப் போட முடியாமல் தவிக்கும் பிள்ளையைப் பார்த்தும் சும்மா இருக்கப் பழகுவது பெரியவர்களுக்கு எளிதல்ல. அந்தப் பழக்கம் படிந்தவரே ஆசிரியர் என்பது இப்பயிற்சியின் உள்ளீடு. அதற்கு நாள் பிடிக்கும் என்பதை அதை வகுத்தவர்கள் அறிந்திருந்தனர்.

கட்டணம், ஆங்கிலம், விலையுயர்ந்த கருவிகள் ஆகிய மூன்றும் இப்பயிற்சியை நகரத்து நடுத்தர வகுப்புப் பெண்களோடு நிறுத்தின. ஏழைக் குழந்தைகளுக்காகப் பிறந்த ஒரு முறை இந்தியாவில் வசதியானவர்களின் பள்ளி அடையாளமாக மாறியது பெரிய இழப்பு.

போர்டியின் முற்றங்கள்

மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் 1945இல் தாராபாய் மோடக் தொடங்கிய பணி இந்த வரம்பைத் தாண்டியது. அவரோடு வந்து சேர்ந்த அனுதாய் வாக் பால்ய விதவை. வார்லி பழங்குடிக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. ஆகவே பள்ளி அவர்கள் வீட்டு முற்றத்துக்குச் சென்றது. குளிப்பாட்டித் தலைவாரி விடுவதில் நாள் தொடங்கும். கூழாங்கல், கிளிஞ்சல், விதை, இலை இவையே எண்ணவும் வகை பிரிக்கவும் கருவிகள். உள்ளூர்ப் பெண்களுக்கு வேலையினூடே பயிற்சி தரப்பட்டது. பின்னர் இப்பணி கோஸ்பாட் குன்றுக்கு நகர்ந்தது. இன்று நாடு முழுவதும் வழங்கும் அங்கன்வாடி என்ற சொல் அங்கிருந்தே வந்தது.

அரசின் கைக்கு

1944இல் வெளிவந்த அரசின் கல்வி வளர்ச்சித் திட்டமான சார்ஜண்ட் அறிக்கை, மூன்று முதல் ஆறு வயது வரையான குழந்தைகளுக்குப் பத்து லட்சம் இடங்களும், அவற்றுக்குத் தனிப் பயிற்சி பெற்ற ஆசிரியைகளும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது ஏட்டோடு நின்றது. 1953இல் அமைந்த மத்திய சமூகநல வாரியம் கிராமங்களில் பால்வாடிகளுக்கு நிதி தந்தது. 1960களில் இந்தியக் குழந்தைகள் நல மன்றம் நடத்திய பாலசேவிகா பயிற்சி ஏறத்தாழ ஓராண்டு நீண்டது. தமிழகத்துக் கிராமங்களில் இன்றும் அங்கன்வாடியைப் பால்வாடி என்றே சொல்வது அக்காலத்தின் எச்சம்.

1972இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு, ஊட்டம், உடல்நலம், கற்றல் மூன்றையும் பிரிக்காமல் பார்க்க வேண்டும் என்று அறிக்கை தந்தது. மீனா, எழுத்தாளர் கிருத்திகாவின் மகள். கட்டடத் தொழிலாளர் குழந்தைகளுக்கான காப்பகங்களில் முன்னோடியாகப் பணியாற்றியவர். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. ஆறு சேவைகள்: துணை ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்கான ஊட்டச்சத்து மற்றும் நலக் கல்வி, முன்பருவக் கல்வி. ஆறையும் சுமப்பவர் ஒரே பணியாளர். மெட்ரிக் தேறியவருக்கு மாதம் 150 ரூபாயும், தேறாதவருக்கு 100 ரூபாயும் மதிப்பூதியம். தொடக்கத்தில் மாதக்கணக்கில் நடந்த பணிப் பயிற்சி, மையங்கள் பெருகப் பெருக 26 வேலைநாட்களாகச் சுருங்கியது. அந்த நாட்களும் எடை போடுதல், பதிவேடு, தடுப்பூசி அட்டவணை, சமையல் ஆகியவற்றுக்கிடையே பங்கிடப்பட்டன. குழந்தையைக் கவனிக்கக் கற்றுக்கொள்ள மிஞ்சியது சொற்பமே.

தமிழகத்தில் 1980இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டமும், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் மையங்களை ஊர்தோறும் கொண்டுசென்றன. பணியமர்த்தலில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. குழந்தைகளின் பசியைப் போக்கியதில் தமிழகம் நாட்டுக்கே வழிகாட்டியது. அந்த வெற்றியின் நிழலில் கற்பித்தல் பின்னுக்குப் போயிற்று. இன்று மாநிலத்தில் 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமும் செயல்பாட்டு ஏடுகளும் பயன்பாட்டில் இருக்கின்றன.

தகுதியும் ஊதியமும்

1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், முன்பருவக் கல்விக்கு இரண்டாண்டுப் பட்டயப் படிப்பை வகுத்தது. பன்னிரண்டாம் வகுப்பு தேறியோர் சேரலாம். ஆனால் அப்படிப்பை முடித்தவரையே நியமிக்க வேண்டும் என்ற கட்டாயம் தனியார் மழலையர் பள்ளிகளில் நடைமுறையில் பெரிதாக இல்லை, அங்கன்வாடியிலும் இல்லை. இரண்டாண்டு படித்தவருக்கும் சில வாரச் சான்றிதழ் பெற்றவருக்கும் வாசலில் ஒரே சம்பளம் என்றால் யார் இரண்டாண்டு படிப்பார்கள்?

அங்கன்வாடிப் பணி அரசுப் பதவி அன்று என்று உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம், அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று கூறி, முன்பருவக் கல்வி அளிப்பதையும் அதற்கான காரணங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. இத்தொழிலைத் தொழிலாக மதித்த முக்கியமான அறிவிப்பு அது.

2019 ஜனவரியில் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கி இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பியது. தாங்கள் முதல் வகுப்பிலிருந்து கற்பிக்கவே பயிற்சி பெற்றவர்கள் என்று ஆசிரியர்கள் வழக்குத் தொடர்ந்தனர். அந்த வாதத்தைச் சலுகை கேட்பதாகச் சிலர் எடுத்துக்கொண்டாலும், அதில் உண்மை இருந்தது: நான்கு வயதுக் குழந்தைக்குக் கற்பிப்பது தனிப் படிப்பு.

2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு தேறிய அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பும் மற்றவர்களுக்கு ஓராண்டுப் பட்டயமும் வேண்டும் என்கிறது. தொலைக்காட்சி, கைப்பேசி வழியாக, வேலை கெடாமல் அவற்றை முடிக்கலாம். 2023 மே மாதம் ஒன்றிய அரசு தொடங்கிய 'போஷன் பீ படாயீ பீ' (ஊட்டமும் படிப்பும்) திட்டத்தின்கீழ் நடந்த முதல் சுற்றுப் பயிற்சி, பணியாளர் ஒருவருக்கு மூன்று நாள்.