செப்பேடு மறைத்ததும் கல்வெட்டு உரைத்ததும்: ஆதித்த கரிகாலன் கொலை வழக்கு

துப்பறியும் புதினம் என்றவுடன் இங்கிலாந்தை நினைப்பது நம் இளைஞர்களின் இயல்பாகிவிட்டது. அவற்றுள்ளும் இடைக்கால இங்கிலாந்தைக் களமாகக் கொண்ட புதினங்களுக்குத் தனிச் சுவை உண்டு. எல்லிஸ் பீட்டர்ஸ் என்னும் புனைபெயர் கொண்ட அம்மையார் 1977 முதல் 1994 வரை இத்தகைய இருபது புதினங்களை வெளியிட்டார். ஸ்டீபன் மன்னனும் மாட் அரசியும் அரியணைக்காகப் போரிட்ட பன்னிரண்டாம் நூற்றாண்டில், ஷ்ரூஸ்பரி நகரத்து மடத்தில் மூலிகை வளர்க்கும் கேட்ஃபெல் என்னும் துறவி, கொலைகளின் உண்மையை ஆராய்ந்து வெளிப்படுத்துவதே அவற்றின் பொருள். படிக்கத்தக்கவையே. எனினும், அக்காலத்திற்கும் ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் முன்னரே நடந்த கொலையொன்று, கற்பனைத் துறவி எவரும் இன்றி, கல்லிலும் செம்பிலும் சான்று விட்டுச் சென்றிருக்கிறது. கொலையுண்டவன் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன். அவ்வழக்கின் சான்றுகளுள் ஒன்று, ஒரு காலத்தில் நம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊரிலே கிடைத்தது என்பது இங்கு வாழும் தமிழர் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

கொலையுண்டவன்

வேங்கடத்தை வட எல்லையாகக் கொண்ட தொண்டை நாடு சோழர்க்குப் புதிய நிலம் அன்று. காளத்திக்கு அண்மையில் உள்ள தொண்டைமானாற்றூரில் முதலாம் ஆதித்த சோழன் உயிர் நீத்தான். அவன் மகன் முதலாம் பராந்தகன் அங்கே பள்ளிப்படைக் கோயில் ஒன்றை எடுப்பித்தான். அப்பராந்தகனின் பேரன் சுந்தர சோழன். அவன் மக்களே ஆதித்த கரிகாலன், குந்தவை, பின்னாளில் இராசராசன் எனப் புகழ்பெற்ற அருள்மொழி ஆகிய மூவர். மூத்தவனான ஆதித்தன் இளமையிலேயே பாண்டியனோடு பொருது, 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்னும் சிறப்பைத் தன் பெயர்க்கு முன் பெற்றான். பட்டத்துக்கு உரியவனாக விளங்கிய அவ்வீரன், ஏறத்தாழ 970ஆம் ஆண்டளவில் கொல்லப்பட்டான்.

அரண்மனையின் சான்று

காரைக்கால் அம்மையாரின் நினைவால் சிறந்த திருவாலங்காட்டில் 1905ஆம் ஆண்டு செப்பேட்டுத் தொகுதி ஒன்று கிடைத்தது. 31 ஏடுகளைச் சோழ முத்திரை பொறித்த வளையம் ஒன்று கோத்திருந்தது. இராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளித்த சாசனம் அது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது திருத்தணிப் பகுதி அதனுள் அடங்கியது. 1960இல் எல்லைச் சீரமைப்பின்போது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்று திருவாலங்காடு திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

இச்செப்பேட்டின் வடமொழிப் பகுதி சோழர் மரபை விரித்துரைக்கிறது. ஆதித்தனின் முடிவைக் கூறுமிடத்தில், அவன் விண்ணுலகைக் காணும் விருப்பத்தால் மறைந்தான் என்று புலவர் பாடிச் செல்கிறார். கொலை என்ற சொல் இல்லை. கொலையாளியின் பெயரும் இல்லை. பின்னர்க் குடிமக்கள் அருள்மொழியை முடிசூட வேண்டினர் என்றும், தன் சிற்றப்பன் நாட்டை விரும்பும் வரையில் தான் அதனை மனத்தாலும் விழையேன் என்று அவன் மறுத்தான் என்றும் செப்பேடு கூறும். அச்சிற்றப்பனே உத்தம சோழன்.

ஊர்க்கோயிலின் சான்று

அரண்மனைப் புலவர் மறைத்ததை ஊர்க்கோயிற் சுவர் உரைத்தது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரம் என்னும் சிவன் கோயில் உள்ளது. அங்குள்ள கல்வெட்டு ஒரு நில விற்பனை ஆவணம். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார்க்கு அரசன் விடுத்த ஆணை அதனுள் அடங்கியிருக்கிறது. கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர் என்று சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் முதலியோரை அது பெயர் சுட்டிக் கூறுகிறது. இவர்தம் உடைமைகளைப் பறிமுதல் செய்து விற்க இருவர் மேற்பார்வைக்கு அமர்த்தப்பட்டனர். அந்நிலத்தில் ஒரு பகுதியை விலைக்கு வாங்கிய பல்லவரையன் ஒருவன், தண்ணீர்க்கும் உணவளிப்புக்குமான அறமாக அதனை எழுதி வைத்தான். அவ்வறத்தைக் காக்கும்பொருட்டே கல் வெட்டப்பட்டது. கொலைச் செய்தி நம்மை வந்தடைந்ததும் அதனாலேயே.

கல்வெட்டில் அரசன் பெயர் இல்லை; 'இராசகேசரி, ஆட்சியாண்டு இரண்டு' என்ற குறிப்பே உள்ளது. துப்பறிவோர் திறம் இங்கே வேண்டப்படுகிறது. சோழ வேந்தர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறிமாறிப் பூண்டனர். உத்தம சோழன் பரகேசரி. ஆகவே அவன் ஆணை அன்று. சுந்தர சோழன் இராசகேசரியே ஆயினும், அவனது இரண்டாம் ஆண்டில் கரிகாலன் உயிரோடிருந்தான். எஞ்சி நிற்பவன் 985இல் முடிசூடிய இராசராசன். எனவே கல்வெட்டின் காலம் 987ஐ ஒட்டியதாகும். கொலைக்கும் இந்த ஆணைக்கும் இடையே ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள்!

ஐயத்திற்கு ஆளானவன்

இந்த இடைவெளியே உத்தம சோழன்மீது பழி விழக் காரணமாயிற்று. கல்வெட்டை ஆராய்ந்து வெளியிட்ட பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார், கொலையால் நலன் எய்தியவன் உத்தமனே, அவன் ஆட்சியில் கொலையாளிகள் தண்டிக்கப்படவில்லை என்று கருதி அவன்மீது ஐயங்கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் இதனை மறுத்து, உத்தமனுக்குக் கொலையில் பங்கில்லை என்று கொண்டார். உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், இராசராசன் ஆட்சியில் கோயிற் காரியங்களை ஆராயும் உயர் பொறுப்பில் இருந்தான். தமையனைக் கொல்வித்தவனின் மகனை அவ்வாறு நம்புவார் உளரோ? மேலும், கல்வெட்டு நிலம் விற்ற காலத்தைக் காட்டுகிறதேயன்றி, குற்றவாளிகள் பிடிபட்ட காலத்தைக் காட்டவில்லை. 'பஞ்சவன்' என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல்லாதலின், வீரபாண்டியனுக்காக வாங்கிய பழி இது என்பாரும் உளர். அதே குடும்பத்தில் மற்றொருவன் 'இருமுடிச்சோழ' என்னும் சோழப் பட்டத்தைத் தாங்கியிருத்தலால், அதுவும் முடிந்த முடிபு ஆகாது.

அலுவலகக் கோப்புகளோடு பழகியவர்க்கு ஒன்று எளிதிற் புலப்படும். கோப்பில் இறுதி ஆணை மட்டும் எஞ்சி, விசாரணைத் தாள்கள் மறைந்துவிட்டால், என்ன செய்யப்பட்டது என்பதை அறியலாம். ஏன், எவர் சொற்கேட்டு என்பதை அறிய இயலாது. உடையார்குடிக் கல் அத்தகையது. கொலை நடந்த இடத்தை அது கூறவில்லை. கொன்ற முறையையும் ஏவியவனையும் கூறவில்லை.

புதினமும் வரலாறும்

அந்த வெற்றிடத்தில் கல்கி அவர்கள் தம் மாளிகையைக் கட்டினார். 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' தமிழ் இல்லங்கள்தோறும் கரிகாலனை வாழச் செய்தது. கடம்பூர் மாளிகையில் நிகழ்ந்த முடிவும் நந்தினியும் அவர்தம் படைப்பு. கொன்றவர் யாரென்று அறுதியிட்டுக் கூறாமல் விட்டது அவர் வரலாற்றுக்குச் செய்த மரியாதை எனலாம். ஆனால் 2022, 2023ஆம் ஆண்டுகளில் திரைப்படமாகவும் வந்துவிட்ட பின்னர், கற்பனையையே வரலாறாகக் கொள்ளும் இளைஞர் பெருகியுள்ளனர்.

ஆங்கில நாட்டிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. 1483இல் இலண்டன் கோட்டையில் இளவரசர் இருவர் மறைந்தனர். அவர்தம் சிற்றப்பன் மூன்றாம் ரிச்சர்டே கொன்றான் என்பது வழிவழி வந்த பழி. ஜோசபின் டே என்பவர் 1951இல் எழுதிய புதினத்தில், கால் முறிந்து படுக்கையில் கிடக்கும் துப்பறிவாளர் ஒருவர் பழைய ஆவணங்களைப் புரட்டி, ரிச்சர்டு குற்றமற்றவன் என்ற முடிவுக்கு வருகிறார். அம்முடிவை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். அங்கும் இங்கும் பழி சுமந்தவன் சிற்றப்பன் என்பது வியப்பே. அரியணையால் பயன் பெற்றான் என்பது ஐயத்திற்கு இடம் தரும். தண்டனைக்கு இடம் தாராது.

பேசப்படாதவர்

இவ்வழக்கில் எவரும் எண்ணிப் பாராதவர் சிலர் இருக்கின்றனர். அரசாணை கொலையாளிகளோடு நிற்கவில்லை. அவர்தம் மக்கள், மனைவியர், தந்தையின் உடன்பிறந்தார், பெண் கொடுத்த மாமன்மார், தாயுடன் பிறந்த மாமன்மார், சகோதரியரை மணந்தார், மகளிரை மணந்தார் என அனைவர் உடைமையும் பறிக்கப்பட்டது. மணவினையால் உறவானதன்றி வேறொன்றும் அறியாத மருமகனும் நிலம் இழந்தான். இடைக்கால இங்கிலாந்திலும், கொலையாளி அகப்படாது, கொலையுண்டவன் ஆங்கிலேயன் என்றும் மெய்ப்பிக்கப்படாவிடின், நார்மானியன் எனக் கொண்டு வட்டாரத்தார் அனைவர்மீதும் தண்டம் விதித்தனர். அவ்வழக்கம் 1340இல்தான் ஒழிந்தது. ஒருவன் பிழைக்குக் கூட்டத்தையே ஒறுத்தல் அக்கால உலகெங்கும் அறமெனக் கருதப்பட்டது. அதனை உள்ளவாறு உரைப்பதால் இராசராசன் பெருமை குன்றிவிடாது.

திருப்பதியிலிருந்து திருவாலங்காடு ஒரு நாளில் சென்று மீளத்தக்க தொலைவே. காட்டுமன்னார்கோயில் சற்றுத் தொலைவு. ஆயினும் சொந்த ஊர் செல்லும் விடுமுறையில் வழிமாறிச் செல்வது அரிதன்று. நம் பிள்ளைகள் தமிழ் எழுத்தைப் பள்ளியில் கற்க வாய்ப்புக் குறைந்த இடத்தில் நாம் வாழ்கிறோம். கற்பிக்க அலுப்புறும் பெற்றோர் அவர்களை உடையார்குடிக்கு அழைத்துச் செல்லட்டும். ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட கொலை வழக்கின் ஆவணம் சுவரில் இருக்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை என்று சொல்லட்டும். அதனைப் படிக்கும் ஆவலில் அவர்கள் எழுத்தைத் தாமே கற்பர்.