தொரப்பள்ளியைத் தேடி

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்று ஓர் ஊர். 1878-இல் ராஜாஜி பிறந்த ஊர். சில வருடங்களுக்கு முன், ஓசூரில் நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில், ஷிப்ட் பஸ் பட்டியலை ஊர்வாரியாகப் பிரிக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். மறுநாள் முதல் ஷிப்டுக்கு ஒருவர் வந்து சேரவில்லை.

"லிஸ்ட்ல பேரு இல்லேன்னு பஸ்ல ஏத்தலீங்க சார்" என்றார். அரை நாள் சம்பளம் போயிற்று.

கோப்பை எடிட்டரில் திறந்தேன். அவர் பெயருக்கு எதிரே தொரப்பள்ளி கண்ணுக்குத் தெரிந்தது. தேடல் பெட்டியில் அதையே அடித்தால் மற்றவர்களைக் காட்டியது. அவரைத் தாண்டிப் போனது.

காரணம் பழையது. எடிட்டர் தேடலின் மூதாதைகளில் ஒருவர் கென் தாம்ப்சன். ஒரு சொல்லை மட்டுமல்ல, சொல்லின் வடிவத்தையே கொடுத்துத் தேடும் முறையை 1968-இல் கட்டுரையாக வெளியிட்டார். பிறகு யூனிக்ஸின் 'எட்' எடிட்டரில் அது ஒரு கட்டளையானது. அதைப் பிரித்தெடுத்ததுதான் 'கிரெப்'. அந்த உலகில் ஓர் எழுத்துக்கு ஓர் எண். தேடுவது என்றால் எண் வரிசைகளை ஒப்பிடுவது, அவ்வளவுதான்.

தமிழில் 'தொ' அப்படி அடங்காது. யூனிகோடில் த-வுக்குப் பின் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியைப் போடலாம். கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் போடலாம். திரையில் ஒன்றேதான். 1990-களின் டிஸ்கி போன்ற குறியாக்கங்களில் கொம்பு, த, கால் என்று கண்ணில் படும் வரிசையிலேயே சேமித்தார்கள். யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பை மட்டும் நகர்த்திவிட்டுக் காலை அப்படியே விட்டால், 'தொ' இரண்டு குறிகளாகவே நின்றுவிடும். அவருடைய பதிவு அப்படி ஒரு பழைய கோப்பிலிருந்து வந்தது. மற்றவர்களுடையது புதிதாகத் தட்டச்சிட்டது.

தீர்வு ஒரு வரிதான். ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அதற்கு 'நார்மலைஸ்' என்ற செயற்கூறு இருக்கிறது. ஆனால் 'ஸ்ரீ' அதற்கும் சிக்காது. 2005-இல் யூனிகோடு 4.1-இல் 'ஶ' சேர்ந்த பிறகு அதை இரு விதமாக எழுதலாம். பல எழுத்துருக்களில் உருவம் ஒன்று, விதிப்படி வேறு. ஓசூர்ப் பக்கம் ஸ்ரீநிவாசன்களுக்கா பஞ்சம்? அதற்குத் தனி விதி எழுதினேன்.

இப்போது எடிட்டர் 'இல்லை' என்றால் ஒருமுறை கண்ணாலும் பார்த்துவிடுகிறேன். மறுநாள் லிஸ்டில் அவர் பேர் வந்தது. அரை நாள் சம்பளம்தான் திரும்பவில்லை.