கும்பினிக்குக் கைகொடுத்தவர்கள்

புதுச்சேரியின் 18-ஆம் நூற்றாண்டை கவர்னர்களின் வரிசையாகவே படித்துப் பழகிவிட்டோம். மர்த்தேன் ஊரை அமைத்தார், லெனுவார் வியாபாரத்தை நிமிர்த்தினார், துய்மா நாணயம் அச்சடிக்கும் உரிமையை வாங்கினார், துய்ப்ளெக்ஸ் பேரரசு காண முயன்றார் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கதை வேறு பக்கம் திரும்பும். பிரான்சிலிருந்து வெள்ளி ஏற்றிய கப்பல் ஆண்டுக்கு ஒரு பருவத்தில்தான் வரும். அதுவும் தாமதமாகலாம், வராமலும் போகலாம். நெசவாளருக்கோ கப்பல் வருவதற்குப் பல மாதம் முன்பே முன்பணம் கொடுத்தாக வேண்டும். சிப்பாய்க்குச் சம்பளமும் கோட்டைக்குச் செங்கல் சுண்ணாம்பும் நவாபுக்கு நசரும் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்க மாட்டா. அந்த இடைவெளியை அடைத்தவர்கள் உள்ளூர் வணிகர்கள். அவர்களில் தலையானவரே பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் பெரிய துபாஷி. அவரைப் பேச்சை மாற்றிச் சொன்னவராக மட்டும் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. என் கருத்து வேறு. கும்பினிக்குப் பணமும் சரக்கும் திரட்டித் தர முடிந்ததால்தான் அவரால் அரசியல் பேச முடிந்தது, நவாபுகளின் தூதரை எதிர்கொள்ளவும் முடிந்தது. அந்தப் பணத்துக்கு ஊரறிந்த கணக்கும் சட்டக் காப்பும் இல்லாததால், அதே பணமே அவரைக் கவிழ்க்கவும் போதுமானதாக இருந்தது.

முதல் சான்று நைனியப்பப் பிள்ளை. 1708-இல் அவர் தலைமைத் தரகராக, அதாவது பெரிய துபாஷியாக, நியமிக்கப்பட்டபோது அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. கடற்கரை வணிகத்தின் பொதுமொழியாக அன்று இருந்த போர்த்துகீசியத்தில்தான் அவர் வெள்ளைக்காரரோடு பேசினார். ஆகவே மொழிப்புலமை அவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. வணிகரை ஒன்றுசேர்க்கும் திறனும், உள்நாட்டு நெசவு ஊர்கள் வரை நீண்ட தொடர்பும், சந்தையில் அவர் பெயருக்கு இருந்த மதிப்பும்தான் அவரது தகுதி. பிரெஞ்சுக் கும்பினி அப்போது நொடித்துக் கிடந்தது. தன் வணிக உரிமையையே சேன் மாலோ துறைமுக வணிகர்களுக்குக் குத்தகைக்கு விட்டு நாளைக் கடத்திக்கொண்டிருந்தது. அந்த நிலையில் ஊருக்கு முதலீடு கொண்டுவரக்கூடியவரே வேண்டியவர். நைனியப்பர் அதைச் செய்தார். சென்னை பெரம்பூரில் வணிகம் செய்துவந்த தம் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையை அழைத்தார். அவர் தம் முதலோடும் குடும்பத்தோடும் புதுச்சேரிக்கு வந்தார். 1709-இல் பிறந்த அவர் மகன்தான் ஆனந்தரங்கப் பிள்ளை.

நைனியப்பரின் வீழ்ச்சி திடீரென்று வந்தது. முன்பு கவர்னராக இருந்து பதவியை இழந்து பிரான்ஸ் போன எபேர், 1715-இல் மீண்டும் புதுச்சேரியில் அதிகாரத்துக்கு வந்தார். அதே ஆண்டு, இந்துப் பண்டிகைகள் மீதான கட்டுப்பாடுகளை எதிர்த்து உழைப்பாளிகளும் வணிகரும் ஊரை விட்டு வெளியேறப் புறப்பட்டார்கள். அதைத் தூண்டியவர் நைனியப்பர் என்று குற்றம் சாட்டினார்கள். 1716 தொடக்கத்தில் கைது, ஜூன் மாதம் தீர்ப்பு. கடைவீதியில் ஐம்பது கசையடி, மூன்று ஆண்டு சிறை, அதன்பின் நாடு கடத்தல், சொத்துப் பறிமுதல், அபராதம். அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில் வழக்குப் பத்திரங்கள் எழுதப்பட்டன. 1717-இல் அவர் சிறையிலேயே இறந்தார். அவருடைய மகன்கள் விடவில்லை. முறையீடுகள் பிரான்சுக்குப் போயின, தீர்ப்பு கவிழ்ந்தது. மூத்த மகன் குருவப்பர் கடல் கடந்து பாரிஸ் சென்றார், ஞானஸ்நானம் பெற்றார், புனித மிஷேல் வரிசையின் செவாலியே பட்டத்தோடு திரும்பித் தந்தையின் பதவியில் அமர்ந்தார். தமிழ் வணிகக் குடும்பம் ஒன்று ஐரோப்பிய அரசவையில் தனக்காகத் தானே தூது போன நிகழ்ச்சி இது. நம் பள்ளி வரலாற்றில் இதற்கு ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

இது மதச்சண்டை, பணத்துக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. சேசு சபைக் குருமார்கள் கிறிஸ்தவர் ஒருவரே தலைமைத் தரகராக வேண்டும் என்று பல ஆண்டு வற்புறுத்தியது உண்மை. நைனியப்பருக்குப் பின் அந்த இடம் கனகராய முதலியாரின் கிறிஸ்தவக் குடும்பத்துக்குச் சென்றதும் உண்மை. ஆனால் இந்த விளக்கம் எல்லாவற்றையும் தாங்கவில்லை. பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபையைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருமாரே நைனியப்பர் பக்கம் நின்றார்கள். சேன் மாலோ வணிகர்களும் அவருக்காகப் பேசினார்கள், ஏனென்றால் அவர் இல்லாமல் அவர்கள் வியாபாரம் நடக்கவில்லை. திருவேங்கடம் பிள்ளை சென்னைக்குத் திரும்பிவிட்டார். 1718-இல் எபேர் பதவி பறிக்கப்பட்டு பிரான்சுக்கு அனுப்பப்பட்டதும், அடுத்து வந்த நிர்வாகம் செய்த முதல் வேலைகளில் ஒன்று அந்தக் குடும்பத்தை வருந்தி அழைத்துவந்தது. குற்றச்சாட்டுக்கு மதம் சொல் கொடுத்தது. குற்றவாளியின் குடும்பத்தைத் திரும்ப வேண்டியவர்களாக்கியது முதலீடு.

ஆனந்தரங்கரின் பாதை இந்தப் பாடத்தின் மேல் எழுந்தது. தந்தை 1726-இல் இறந்தார். இளைஞரான ஆனந்தரங்கரை லெனுவார் பரங்கிப்பேட்டைத் துணிச்சாலைக்குப் பொறுப்பாக்கினார். அங்கே அவர் உழைப்போடு தம் சொந்தப் பணத்தையும் இறக்கினார். லாலாப்பேட்டையிலும் ஆற்காட்டிலும் கிடங்குகள் வைத்து, ஐரோப்பியச் சரக்கை உள்நாட்டில் விற்றுத் துணியைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார். ஆனந்தப்புரவி என்ற கப்பலும் அவருக்கு இருந்தது. நவாபின் தலைநகரான ஆற்காட்டில் கடை இருப்பது என்பது அந்நாளில் வெறும் வணிகம் ஆகாது. எந்த அமீருக்குப் பணமுடை, யார் யாரிடம் கடன் பட்டிருக்கிறார், எந்தக் கோட்டையில் சம்பளம் பாக்கி என்பதெல்லாம் கணக்கப்பிள்ளையின் கடிதத்தில் வந்து சேரும். 1736 செப்டம்பரில் அவர் தொடங்கிய நாட்குறிப்பில் துணி விலையும் தர்பார்ச் செய்தியும் ஒரே நாளின் பதிவில் அடுத்தடுத்து வருகின்றன. அவருக்கு இரண்டும் ஒரே தொழில். ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கும் அவருடைய மாளிகையின் கீழ்த்தளத்தில் தமிழ்த் தச்சரின் மரத்தூண்களும் மேல்தளத்தில் பிரெஞ்சு பாணித் தூண்களும் இருக்கின்றன. இரு உலகத்துக்கும் விருந்து வைக்க வேண்டிய மனிதருக்கு அப்படி ஒரு வீடு தேவைப்பட்டது. கனகராய முதலியாரும் இதை அறிந்தவர்தான். 1745-இல் அவர் உழவர்கரையில் தேவாலயம் கட்டி, சாதி வேறுபாடின்றி ஊர் முழுவதையும் விருந்துக்கு அழைத்ததை, அவரிடம் பகை பாராட்டிய ஆனந்தரங்கரே விரிவாக எழுதியிருக்கிறார்.

கட்டடமும் கடனும் அரசியலும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதற்குக் கடலோர மதில் ஒன்றே போதும். 1742-இல் துய்ப்ளெக்ஸ் கவர்னராக வந்தபோது ஊரின் கடல் பக்கம் காப்பின்றிக் கிடந்தது. 1743-இல் பாரிஸ் இயக்குநர்கள் எழுதிய கடிதம், செலவைப் பாதியாகக் குறை, கட்டட வேலையையும் கோட்டை வேலையையும் நிறுத்து என்றது. துய்ப்ளெக்ஸ் செலவைக் குறைத்தார், மதிலை மட்டும் நிறுத்தவில்லை. தம் சொந்தப் பணத்தையும் தம் பெயரில் கிடைத்த கடனையும் போட்டுக் கட்டினார். ஒரு கவர்னரின் பெயரில் ஊரில் கடன் பிறக்கிறது என்றால், ஊர் வணிகர் அவரை நம்புகிறார்கள் என்று பொருள். அந்த நம்பிக்கையைத் திரட்டி வைத்திருப்பது துபாஷியின் வேலை. 1748-இல் பாஸ்கவென் தலைமையில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது ஊர் தாக்குப்பிடித்தது. அதே முற்றுகை நாட்களில், செப்டம்பரில், வேதபுரீசுவரர் கோயில் பிரெஞ்சுக்காரரால் இடிக்கப்பட்டது. அப்போது ஆனந்தரங்கர் செல்வாக்கின் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தார். இடிப்பை எழுதி வைக்க முடிந்த அவரால் அதைத் தடுக்க முடியவில்லை. பணம் கொடுத்து வாங்கிய செல்வாக்கு எதுவரை செல்லும் என்பதற்கு இதைவிடக் கசப்பான அளவு கிடையாது.

தூதுப்பணி வேறு வழியில் வந்தது. 1740-இல் தாமல்செருவில் மராட்டியரிடம் தோற்று நவாப் தோஸ்த் அலி இறந்ததும், அவர் குடும்பம் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தது. அவர் மருமகன் சந்தா சாகிபின் குடும்பமும் இங்கேதான் தங்கியது. அகதியாக வந்த அரசகுடும்பத்துக்குச் செலவுப்பணம் வேண்டும், மராட்டியரிடம் சிறைப்பட்ட தலைவனை மீட்க மீட்புப்பணம் வேண்டும். அந்தப் பேச்சுகளில் கவர்னருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் நடுவே நின்று பேசும் வேலை கும்பினியின் தமிழ் வணிகரைச் சார்ந்தது. 1748-இல் சந்தா சாகிப் விடுதலையானார். 1749 ஆகஸ்டில் அவரும் பிரெஞ்சுப் படையும் சேர்ந்து போரிட்ட ஆம்பூரில் நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. அகதிக்கு அன்று கொடுத்த கைமாற்று, ஒன்பதே ஆண்டில் நிலமாகத் திரும்பிவந்தது. 1750 டிசம்பரில் சந்தா சாகிபின் கூட்டாளி முசாபர் ஜங் தக்காணத்தின் சுபேதாராகப் புதுச்சேரிக்கு வந்தார். ஆனந்தரங்கருக்கு 3000 குதிரைக்கான மன்சப் பட்டமும் செங்கல்பட்டு ஜாகீரும் அவர் அளித்தவை. பரங்கிப்பேட்டைத் துணி வணிகர் மொகலாய முறைப்படி பட்டம் பெற்ற பிரபுவானார்.

இவரை ராஜதந்திரி என்பது மிகை, அந்நியனுக்குச் சேவகம் செய்தவர்தானே என்று சிலர் மறுப்பார்கள். முடிவெடுத்தவர் துய்ப்ளெக்ஸ் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் சம்பளச் சேவகனுக்கும் ஆனந்தரங்கருக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. சேவகன் தன் முதலாளியின் போரில் தன் சொந்த முதலை இழப்பதில்லை. நவாபுக்கு அனுப்பும் வெகுமானம் என்ன, எந்தக் கடிதத்தில் எவ்வளவு பணிவு, எந்த வக்கீலைக் காக்க வைக்கலாம் என்பதில் கவர்னர் அவர் யோசனையைக் கேட்டார். இன்றைய தூதரகங்கள் பெரும்பாலும் செய்வது இதைத்தான். நாம் அவரை நம்புவதே அவருடைய நாட்குறிப்பை வைத்துத்தானே, அது தன்னைத் தானே புகழும் நூலாயிற்றே என்பது அடுத்த மறுப்பு. அவர் தம்மைப் பெருமையாகவே காட்டுகிறார், கனகராயரிடமும் துய்ப்ளெக்ஸின் மனைவியிடமும் அவருக்குக் கசப்பு இருந்தது. அவற்றைத் தள்ளிப் படிக்க வேண்டும். விலையும் கடனும் பரிசும் அப்படிப்பட்டவை இல்லை. அவற்றை அவர் யாருக்கும் காட்டுவதற்காக எழுதவில்லை, பிற்காலத்தில் தேவைப்படும் என்று எழுதினார். நைனியப்பரின் குடும்பத்தில் வளர்ந்த ஒருவர், எழுத்தில் இல்லாத கணக்கு என்ன செய்யும் என்பதைக் கண்டவர். 1736 முதல் இறுதிவரை அவர் விடாமல் எழுதியதன் காரணம் இலக்கிய ஆசை மட்டுமே என்று என்னால் நம்ப முடியவில்லை.

முடிவு இரு தரப்புக்கும் ஒன்றாகவே அமைந்தது. போர்ச்செலவுக்குப் புதிதாகப் பிடித்த நாடுகளின் வரியைக் குத்தகைக்கு விட்டார்கள். நிலம் போரில் பாழாக, வசூல் குறைய, குத்தகை நிலுவை மட்டும் ஏறியது. 1754-இல் துய்ப்ளெக்ஸ் திரும்ப அழைக்கப்பட்டார். தாம் கும்பினிக்காகச் செலவிட்டதாகச் சொன்ன பெருந்தொகையைக் கேட்டு வழக்காடி, கிடைக்காமலே 1763 நவம்பரில் பாரிசில் வறுமையில் இறந்தார். ஆனந்தரங்கர் 1756-இல் துபாஷிப் பதவியை இழந்தார். 1761 ஜனவரியில், ஊர் ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாள் முன்பு, நோயோடு கண்மூடினார். கவர்னரின் பை எது, துபாஷியின் பை எது, கும்பினியின் பை எது என்று பிரித்துச் சொல்லும் சட்டம் எதுவும் அங்கே இல்லை. வெற்றி கிடைத்தவரை எல்லாம் ஒரே பை. தோல்வி வந்ததும் கடன் மட்டும் தனித்தனி ஆளின் தலையில் நின்றது.

பணம் அரசியலுக்கும் தூதுக்கும் வழிதிறக்கும் இந்தக் கதை புதுச்சேரியோடு முடியவில்லை. தொழிலில் பணம் சேர்த்தவர் கட்சிக்கு நிதி திரட்டி, பிறகு தூதராவது அமெரிக்காவில் நெடுநாள் வழக்கம். தேர்தலுக்குக் கொடுத்த பணம் தூதர் நியமனத்துக்குக் காரணமாகக் கூடாது என்று 1980-ஆம் ஆண்டின் வெளியுறவுப் பணிச் சட்டம் சொல்லியும் அது நிற்கவில்லை. ஆனால் அங்கே வேட்பாளருக்கு யார் எவ்வளவு கொடுத்தார் என்பது பொதுப்பதிவில் இருக்கிறது, செனட் சபை அதைக் கேள்வியாக்கலாம். நம் நாட்டில் 2018 முதல் தேர்தல் பத்திரங்கள் வழியாக, கொடுத்தவர் பெயர் மறைந்த நிதி கட்சிகளுக்குப் போனது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. அடுத்த மாதம் வெளிவந்த பட்டியலில், பத்திரங்களை அதிகம் வாங்கியவர்களில் இரண்டாம் இடத்தில் இருந்தது ஒரு கட்டுமான நிறுவனம். பெயரை மறைப்பது கொடுப்பவரைப் பழிவாங்கலிலிருந்து காக்கும் என்றுதான் அந்தத் திட்டத்துக்கு நியாயம் சொன்னார்கள். புதுச்சேரியின் சான்று அதற்கு நேர் எதிரானது. நைனியப்பரைக் காக்க எந்த மறைவும் உதவவில்லை. அவர் பெயரைத் துடைத்தவை, மகன்கள் எழுதிப் பாரிசில் ஊரறிய வைத்த மனுக்கள்.

ஆனந்தரங்கரின் நாட்குறிப்பைத் தமிழுலகம் அறியும். பிரபஞ்சனின் நாவல்கள் அதைப் பரவலாக்கின. நைனியப்பர் வழக்கின் ஆவணங்களுக்கு அந்தப் புகழ் வாய்க்கவில்லை. பிரெஞ்சு ஆவணக் காப்பகங்களில் இருக்கும் அந்த மனுக்களையும் விசாரணைக் குறிப்புகளையும் முழுமையாகத் தமிழில் பதிப்பிக்கும் பணியை, புதுச்சேரி அரசும் அங்குள்ள ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து செய்ய வேண்டும்.